தொட்டி விற்கும் அன்றைக்கே மீனை விற்காதீர்கள்

யாழ்ப்பாண நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் வண்ணமீன் கடை நடத்தும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம்.

எந்தக் கடையில் வாங்கினோம் என்று நான் எழுதப் போவதில்லை. ஒரு கடையின் பெயரைச் சொன்னால் மற்ற எல்லோரும் "எங்களை இல்லை" என்று நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். நாங்கள் மூன்று கடைகளில் வாங்கினோம். மூன்றிலும் சொன்ன கதை ஒன்றுதான். ஆகவே எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கேட்பது ஒரே ஒரு விஷயம். தொட்டி விற்கும் அன்றைக்கே அதற்குள் விட மீனையும் விற்காதீர்கள்.

ஏன் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் கடைகளில் பெரிய தொட்டிகள் வருடக்கணக்காக ஓடுகின்றன. அவற்றின் பில்டர் பஞ்சு பழுப்பேறி வழவழவென்று இருக்கிறது. அந்தப் பஞ்சை நீங்கள் குழாயடியில் பிடித்துத் தேய்ப்பதை நான் ஒருநாளும் காணவில்லை. மீனின் கழிவிலிருந்தும் செவுளிலிருந்தும் வரும் அமோனியா என்ற நஞ்சைத் தின்னும் பக்டீரியா அந்த வழவழப்பில்தான் குடியிருக்கிறது என்பது தெரிந்தபடியால்தான் தொடாமல் விட்டிருக்கிறீர்கள். உங்கள் கடையில் மாதக்கணக்கில் உயிரோடு நிற்கும் மீன் எங்கள் வீட்டில் மூன்றாம் நாள் ஏன் மிதக்கிறது என்பதற்கான பதில் உங்கள் கையிலேயே இருக்கிறது. அதை எங்களுக்குச் சொல்லத்தான் உங்களுக்கு நேரமில்லை.

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புரட்டாதியில் மகளுக்கு ஒன்பது வயது முடிந்தது. படிக்கும் மேசையில் வைக்க மீன் தொட்டி வேண்டும் என்றாள். ஒரு அடி நீளம், எட்டு அங்குல அகலம், எட்டு அங்குல உயரம். கல்லும் மண்ணும் போட்டால் பத்து லீற்றர் தண்ணீர் பிடிக்கும். அதோடு ஒரு சின்ன பில்டர், ஒரு தீன் டப்பா, பொலித்தீன் பையில் மூன்று கோல்ட் பிஷ். எல்லாம் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. எப்படிப் பராமரிப்பது என்று கடைக்காரரிடம் கேட்டேன். "ஒண்டும் யோசிக்காதேங்கோ அக்கா, தண்ணி கலங்கினால் முழுக்க மாத்துங்கோ, பில்டரை நல்லாக் கழுவுங்கோ, சரி" என்றார்.

இரண்டாம் நாள் தண்ணீர் பால் போலக் கலங்கியது. மகள் அவர் சொன்னபடியே செய்தாள். மீன்களைக் கோப்பையால் அள்ளி வாளிக்குள் விட்டாள். தொட்டியைக் கிணற்றடிக்குத் தூக்கிப் போய்க் கவிழ்த்தோம். கற்களை அரிதட்டில் போட்டு அரிசி கழுவுவதுபோல் கழுவினாள். பிறகு தன்னுடைய பழைய பல் துலக்கும் பிரஷை எடுத்து வந்து பில்டர் பஞ்சின் ஒவ்வொரு பக்கமாகத் தேய்த்தாள். அவ்வளவு கவனமாக அவள் தன் பல்லைத் தேய்த்ததில்லை. பஞ்சு வெள்ளை வெளேரென்று வந்ததும் என்னிடம் தூக்கிக் காட்டினாள்.

மறுநாள் காலையில் ஒன்று செத்திருந்தது. பின்னேரம் இரண்டாவது. மூன்றாவது ஒரு கிழமை இழுத்துப் பறித்தது. திரும்பக் கடைக்குப் போனோம். நீல மருந்து ஒரு போத்தல் தந்தீர்கள், இரண்டு மீன் தந்தீர்கள். அந்த நீல மருந்து, மிஞ்சியிருக்கக் கூடிய கொஞ்சநஞ்சப் பக்டீரியாவையும் கெடுக்கும் என்று பிறகுதான் வாசித்தேன். இப்படியே நாலு மாதம். மொத்தம் பதினொரு மீன். ஒவ்வொன்றையும் சிரட்டையில் வைத்துச் செவ்வரத்தை அடியில் தாட்டோம். ஏழாவதோ எட்டாவதோ மீனைத் தாட்டுவிட்டு வரும்போது மகள் கேட்டாள்: "அம்மா, நான் வடிவாத்தானே கழுவினனான்?"

அதற்கு என்ன பதில் சொல்வது, அண்ணை? வடிவாகக் கழுவினபடியால்தான் பிள்ளை, செத்தது என்றா?

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடல். மீன் விலை நூற்றைம்பது ரூபா. அதற்காக யாரும் மடல் எழுதமாட்டார்கள். "மீன் எண்டால் சாகிறதுதானே அக்கா" என்று உங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னார். மீன் சாகிறதுதான். ஆனால் கோல்ட் பிஷ் பத்து, பதினைந்து வருடம் வாழக்கூடியது. இங்கிலாந்தில் ஒரு வீட்டில் 43 வயதுவரை வாழ்ந்த ஒன்று கின்னஸ் பதிவிலேயே இருக்கிறது. கெண்டைச் சாதி அது, ஒழுங்காக வளர்ந்தால் ஒரு சாண் நீளத்துக்கு மேல் வரும். ஒன்றுக்கே 75 லீற்றர் அளவில் தண்ணீர் வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் சொல்லும் கணக்கு. நீங்கள் பத்து லீற்றருக்குள் மூன்றை விடச் சொன்னீர்கள்.

எங்கள் ஊர்த் தண்ணீரின் குணமும் உங்களுக்குத் தெரியாததல்ல. கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்புத் தண்ணீர்தான். சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி நிற்கும் நீர் காரப் பக்கம் சாய்ந்திருக்கும். காரம் கூடக் கூட, சூடு கூடக் கூட, அதே அளவு அமோனியாவில் மீனைக் கொல்லும் பங்கும் கூடும். சித்திரை வெயிலில் மேசைத் தொட்டி முப்பது பாகைக்கு மேல் போய்விடுகிறது. சூடான தண்ணீரில் ஒட்சிசனும் குறைவு. வேறு ஊரில் ஒரு கிழமை தாங்கும் தவறு இங்கே இரண்டு நாளில் மீனைத் தூக்கிவிடும். அப்படியிருக்க, அமேசன் பக்கத்து மென்மையான, கொஞ்சம் புளிப்பான தண்ணீருக்குப் பழகிய நியோன் டெட்ராவை "வடிவாய் மின்னும் அக்கா" என்று சொல்லி எங்கள் தலையில் கட்டுகிறீர்கள். கடினத் தண்ணீரில் சந்தோஷமாக இருக்கும் கப்பியும் மொலியும் மூலைத் தொட்டியில் கிடக்கின்றன. அவை மலிவு என்பதால் யாரும் எடுத்துக் காட்டுவதில்லை.

இன்னொன்று. கார்த்திகை மழை வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் கிணற்றுக்குக் குளோரின் போட்டார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தத் தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் ஊற்றினால் மீனின் செவுளும் போகும், பக்டீரியாவும் போகும். அகலமான வாளியில் ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்று என்று சொல்ல எத்தனை விநாடி செல்லும்? அந்த ஒரு வசனத்தைக் கேட்டிருந்தால் எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது மீன் தப்பியிருக்கலாம்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கோபம் உங்கள்மேல் மட்டுமில்லை. நானும் பள்ளிக்கூடத்தில் நைதரசன் வட்டம் கீறினவள்தான். அமோனியா, நைத்திரைற்று, நைத்திரேற்று என்று அம்புக்குறி போட்டு, நிறம் தீட்டி, முழுப் புள்ளியும் வாங்கினேன். அந்த வட்டம் என் மகளின் மேசையில் ஒரு அடிக் கண்ணாடிப் பெட்டிக்குள் சுற்றாமல் நின்றபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஊர் முழுக்க இதே கதைதான். செம்மண் தோட்டத்துக்கு அள்ளிப் போட்ட உரம் கீழே இறங்கிக் கிணற்றில் நைத்திரேற்றாக நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டிய கிணறுகள் எங்கள் வலிகாமப் பகுதியில் இருக்கின்றன என்று ஆய்வு செய்தவர்கள் பல வருடமாக எழுதுகிறார்கள். பரீட்சைக்கு எழுதிவிட்டு அதே கிணற்றில் தண்ணீர் குடிக்கிறோம். இதில் மீன் கடைக்காரரை மட்டும் பிடித்து வைத்துப் பாடம் எடுப்பது கொஞ்சம் அநியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் உங்களிடம்தான் கேட்க முடியும். தொட்டி உங்கள் கையிலிருந்துதான் வீட்டுக்கு வருகிறது.

சொன்னால் வியாபாரம் போய்விடும் என்பீர்கள். "ஒரு மாதம் கழிச்சு வாங்கோ" என்றால் அந்த ஆள் பக்கத்துக் கடைக்குப் போய் அன்றைக்கே மீன் வாங்கிவிடுவார். உண்மைதான். அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன். எல்லோரும் சேர்ந்து சொன்னால் போவதற்குப் பக்கத்துக் கடை இருக்காது. இப்போது நடக்கும் வியாபாரத்தையும் கொஞ்சம் பாருங்கள். பிள்ளை அழுகிறது, மீன் சாகிறது, மூன்றாம் மாதம் தொட்டி கோழிக்குத் தண்ணீர் வைக்கப் போகிறது. எங்கள் ஒழுங்கையில் மட்டும் அப்படி இரண்டு தொட்டிகள் எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரர் இனி உங்கள் கடைப் படி ஏறுவாரா?

அப்படி அலுத்துப்போனவர்கள் மிஞ்சின மீனை என்ன செய்கிறார்கள் என்பதும் தெரிந்ததே. "தொட்டியைத் துப்பரவாக்கும்" என்று நீங்கள் விரல் நீளத்தில் தரும் டாங்க் கிளீனர் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் இரவோடு இரவாகக் குளத்தில் போடுகிறார்கள். இந்த நாட்டின் நீர்நிலைகளில் அது ஏற்கெனவே ஆக்கிரமிப்பு மீனாகப் பரவிவிட்டது. தொட்டியைத் துப்பரவாக்கப் போய்க் குளத்தைக் கெடுத்த பெருமையும் நமக்கு வேண்டாமே.

பைட்டர் மீனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனம் ஆறாது. ஜாம் போத்தலில் விற்கிறீர்கள். "இது காத்தைக் குடிச்சே இருக்கும்" என்கிறீர்கள். மேலே வந்து காற்றைக் குடிக்கும், அது சரி. ஆனால் கீழே தன் கழிவுக்குள்தானே நிற்கிறது? காற்றுக் குடிக்கும் என்பதற்காக அமோனியா அதைச் சுடாமல் விடுமா?

சரி, திட்டியது போதும். பணிவாகவே கேட்கிறேன்.

தொட்டியை விற்கும்போது மீனைக் கொடுக்காதீர்கள். பில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீன் மட்டும் போட்டு, நாலு தொடக்கம் ஆறு கிழமை பொறுக்கச் சொல்லுங்கள். அந்தத் தீன் அழுகி வரும் அமோனியாவில் பக்டீரியா பெருகட்டும். அவ்வளவு காலம் பொறுக்காதவருக்கு உங்கள் பழைய தொட்டியிலிருந்து அந்தப் பழுப்புப் பஞ்சில் ஒரு துண்டு வெட்டி, ஈரம் காயாமல் பையில் போட்டுக் கொடுங்கள். அதைப் பில்டருக்குள் வைத்தால் காத்திருக்கும் காலம் நன்றாகக் குறையும். உங்களுக்குச் செலவு எதுவுமில்லை, வேண்டுமானால் நூறு ரூபா வாங்குங்கள், தருகிறோம். தண்ணீரை முழுக்க மாற்றச் சொல்லாதீர்கள். கிழமைக்குக் கால்வாசி மாற்றினால் போதும், பஞ்சை அந்த மாற்றிய தண்ணீரிலேயே மெல்லப் பிழிந்தால் போதும் என்று சொல்லுங்கள். மற்றதை மறந்தாலும், தொட்டி விற்கும் அன்றைக்கு மீன் விற்காதீர்கள் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எங்கள் தொட்டி ஐந்து கிழமையாக மீனில்லாமல் மேசையில் ஓடுகிறது. வீட்டுக்கு வருபவர்கள் மீன் எங்கே என்று கேட்டால் மகள் "இன்னும் வரேல்லை" என்கிறாள். பல் பிரஷ் பக்கமே போவதில்லை. பஞ்சு பழுப்பாகிறதா என்று மட்டும் பள்ளிக்கூடத்தால் வந்ததும் குனிந்து பார்க்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை நாலு கப்பி வாங்க உங்களில் ஒருவரின் கடைக்கு வருவோம். எந்தக் கடை என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பையில் மீனை அள்ளிப் போடுவதற்கு முதல், "தொட்டி எத்தனை நாளாய் ஓடுது, பிள்ளை?" என்று தயவுசெய்து அவளிடம் ஒருமுறை கேளுங்கள். பதில் அவளிடம் தயாராக இருக்கிறது.

நன்றியுடன்,
கொக்குவிலில் இருந்து ஒரு தாய்