சிறுதொகை இன்னும் தேவையா என்று கேட்ட அம்மாவுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். பெரிய நிறுவனம் ஒன்று எங்கள் தொண்டு நிறுவனம் பிள்ளைகளுக்கு நடத்தும் மாலை வகுப்புகளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு நிதி ஒதுக்கியிருப்பதை அறிந்து, "இனி நான் மாதாமாதம் அனுப்பும் சிறுதொகை உங்களுக்கு எதற்கு? நிறுத்திக்கொள்ளட்டுமா?" என்று கேட்டிருந்தீர்கள். தேவைப்படுகிறது அம்மா. முன்பைவிட அதிகமாகவே தேவைப்படுகிறது. இதே கேள்வி இன்னும் பலர் மனத்தில் இருக்கும் என்பதால்தான், உங்கள் பெயரைச் சொல்லாமல் பதிலைப் பொதுவில் எழுத அனுமதி கேட்டேன். உடனே சம்மதித்ததற்கு நன்றி.

கணக்கு எழுதுகிறவள் என்ற முறையில், பெருந்தொகை எங்களிடம் எப்படி வந்து சேர்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். அது மொத்தமாக வருவதில்லை, தவணைகளில் வரும். முதல் தவணையைச் செலவழித்து, ரசீதுகளை அடுக்கி, பணம் உரிய வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்று வாங்கி அனுப்பினால்தான் அடுத்த தவணை கிடைக்கும். அங்கே ஒரு கையொப்பம் தாமதமானால் இங்கே இரண்டு மாதம் கையில் காசு இருக்காது. ஆனால் ஆசிரியைக்கு மாதம் பிறந்ததும் சம்பளம் தந்தாக வேண்டும். வாடகையும் மின்கட்டணமும் காத்திருக்காது. அந்த இடைவெளியைத் தாண்டுவது உங்களைப் போன்றவர்கள் அனுப்பும் பணத்தில்தான்.

அடுத்தது, அந்த நிதியோடு வரும் நிபந்தனை. பாடப்புத்தகத்துக்கு இவ்வளவு, பயிற்சிக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் தலைப்பு வாரியாக எழுதியிருப்பார்கள். ஒரு தலைப்பில் மிஞ்சியதை இன்னொன்றுக்கு மாற்ற எழுத்து மூலம் அனுமதி வேண்டும். கூரை ஒழுகினால் எந்தத் தலைப்பில் எழுதுவது? ஆசிரியை மகப்பேறு விடுப்பில் போனால் அவருடைய விடுப்புச் சம்பளமும் மாற்று ஆசிரியரின் சம்பளமும் எங்கிருந்து வரும்? தணிக்கையாளர் கட்டணம், கணினி பழுது, தன்னார்வலர்களை ஒருங்கிணைப்பவரின் ஊதியம் எதற்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை. நிதி கூடியதால் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது, அறிக்கைகள் கூடியிருக்கின்றன, தணிக்கை வேலையும் கூடியிருக்கிறது. இவற்றைத் தாங்குவதற்கான பணம் மட்டும் கூடவில்லை. அதனால்தான் முன்பைவிட அதிகத் தேவை என்றேன்.

"சம்பளத்துக்கும் வாடகைக்குமா என் பணம் போகிறது?" என்று சில நன்கொடையாளர்கள் வருத்தப்படுவார்கள். நீங்கள் அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. மாலை வகுப்பு என்றால் என்ன? ஒரு ஆசிரியை, ஒரு அறை, விளக்கு வெளிச்சம், வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் ஏன் வரவில்லை என்று விசாரிக்கும் ஒருவர். புத்தகம் இவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. சம்பளம் நிச்சயமில்லாத இடத்தில் நல்ல ஆசிரியை தங்கமாட்டார். அவர் ஆண்டின் நடுவில் போய்விட்டால் அவரை நம்பி வந்த பிள்ளைகளில் சிலரும் நின்றுவிடுவார்கள். புதியவர் வந்து அவர்களுடைய பெயர்களைப் பழகுவதற்குள் தேர்வு வந்துவிடும். நிர்வாகச் செலவு என்று தள்ளி வைக்கப்படுவதில் பெரும்பகுதி, பிள்ளைகளின் முன்னால் நிற்கும் மனிதருக்கான செலவே.

நன்கொடைத் துறையின் பெரியவர்களே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தொண்டு நிறுவனங்களை மதிப்பிட்டுத் தகவல் வெளியிடும் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகிய மூன்று அமெரிக்க அமைப்புகள் 2013ஆம் ஆண்டில் நன்கொடையாளர்களுக்குக் கூட்டாக ஒரு வெளிப்படைக் கடிதம் எழுதின. நிர்வாகச் செலவின் சதவீதத்தை வைத்து ஒரு நிறுவனத்தின் தரத்தை எடைபோடாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். 2020இல் பெருந்தொற்று பரவியபோது, அந்நாட்டின் நூற்றுக்கணக்கான அறக்கட்டளைகள் தாங்கள் கொடுத்த நிதியின் நிபந்தனைகளைத் தளர்த்துவதாக உறுதியளித்தன. நெருக்கடியில் நிபந்தனை காலைக் கட்டுகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சாதாரண நாட்களிலும் அதே தளர்வு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. நீங்கள் அனுப்பும் தொகையில் தொடக்கத்திலிருந்தே எந்த நிபந்தனையும் இல்லை.

தொகை சிறியது என்று கூச்சப்பட்டு எழுதியிருந்தீர்கள். போலியோவின் வரலாற்றில் வரும் பத்து சென்ட் நாணயத்தைப் பற்றிச் சொல்லவா? போலியோவால் கால்கள் செயலிழந்த அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1938இல் அந்நோய்க்கென ஒரு தேசிய அமைப்பைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு பத்து சென்ட் நாணயம் அனுப்புங்கள் என்று நடிகர் எடி கான்டர் வானொலியில் கேட்டுக்கொண்டார். வெள்ளை மாளிகையில் கடித மூட்டைகள் குவிந்தன. அதன் பிறகு ஆண்டுதோறும் திரண்ட பணத்தில்தான் ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி ஆராய்ச்சிக்கும், 1954இல் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பங்கேற்ற கள ஆய்வுக்கும் வழி பிறந்தது. 1955 ஏப்ரல் 12 அன்று, தடுப்பூசி பாதுகாப்பானது, பலன் தருவது என்று அறிவித்தார்கள்.

எல்லோருக்கும் தெரிந்தது தடுப்பூசிதான். அதே அமைப்பின் உள்ளூர்க் கிளைகள், தடுப்பூசி வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் நோயாளிகளின் சிகிச்சைச் செலவை ஏற்றுக்கொண்டன என்பது என்னை இன்னும் அதிகமாகத் தொடுகிறது. கண்டுபிடிப்பு வரும் வரை அந்தக் குழந்தைகளை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமல்லவா? அதற்கு ஒருமுறை வந்து போகும் பெருந்தொகை போதாது. ஆண்டுதோறும் திரும்பத் திரும்பக் கொடுக்கிறவர்கள் வேண்டும்.

இன்னொன்றையும் உங்களிடம் மனம் திறந்து சொல்ல வேண்டும். பலர் சேர்ந்து கொடுக்கும்போது எங்களுக்கு முதுகெலும்பு கிடைக்கிறது. பெருந்தொகை தருகிறோம், உதவி பெறும் பிள்ளைகளைப் பதாகையோடு வரிசையில் நிறுத்திப் படம் எடுத்துத் தாருங்கள் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தனியாக வாழும் முதியவர்களை நாங்கள் வாரந்தோறும் போய்ப் பார்க்கிறோமே, அவர்களுடைய வீட்டுக்குள் கேமராவோடு வரவேண்டும் என்றவர்களும் உண்டு. முடியாது என்று சொல்ல எங்களால் முடிந்தது. ஒரே ஒருவரின் பணத்தில் நிறுவனம் நின்றிருந்தால் அந்தச் சொல் எங்கள் வாயிலிருந்து வந்திருக்காது. முதியவர்களைப் பார்க்கும் அந்தப் பணிக்கு இன்றுவரை எந்தப் பெரிய நிதியும் இல்லை. அதில் காட்டுவதற்குப் பெரிய எண்ணிக்கை எதுவும் இல்லை. ஒருவர் வருகிறார், மருந்து வாங்கித் தருகிறார், ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போகிறார். அது முழுக்க முழுக்கச் சிறு நன்கொடைகளில் நடக்கிறது.

மூன்று ஆண்டுகள் முடிந்ததும் அந்த நிறுவனம் நீட்டிக்கலாம், வேறு பணிக்குத் திரும்பலாம். அது அவர்களுடைய முடிவு. அப்போது வகுப்பறையைப் பூட்டாமல் இருக்க, ஆறு மாதச் செலவுக்கான கையிருப்பைச் சேர்க்க முயன்றுகொண்டிருக்கிறோம். நிபந்தனை நிதியிலிருந்து அதற்கு ஒரு காசும் எடுக்க முடியாது.

இவ்வளவு எழுதியதால் உங்களுக்கு நெருக்கடி தருவதாக எண்ணிவிட வேண்டாம். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர் நீங்கள்; மருத்துவச் செலவும் இருக்கும். தொகையைக் குறைக்க வேண்டியிருந்தால் தயங்காமல் குறையுங்கள். பாதியாக்கினாலும் மாதாமாதம் வருவது எங்களுக்கு நல்லது, ஏனென்றால் அதை நம்பித் திட்டமிடலாம். என்றாவது நிறுத்துவதாக இருந்தால் இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள், அது போதும். காரணம் எதுவும் கேட்கமாட்டோம்.

சென்ற அரையாண்டின் வரவு செலவைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பழுதுச் செலவு வழக்கத்தைவிட அதிகமாகத் தெரியும். நூலக அறையின் கூரையை மாற்றினோம். வேறு எந்த வரியிலாவது ஐயம் இருந்தால் அடிக்கோடிட்டுத் திருப்பி அனுப்புங்கள், ரசீதின் நகலோடு பதில் எழுதுகிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் கணக்கர்