ஒரு பனங்காடையும் நான்கு திருத்தங்களும்

கிருஷ்ணகிரி

அன்புள்ள செல்வம்,

வணக்கம். நான் எடுத்த பனங்காடைப் பறவையின் படத்தை நான்கு விதமாகத் திருத்தி நீ அனுப்பிய படங்கள் வந்து சேர்ந்தன. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்தோம். சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடச் சொல். இங்கே மாந்தோப்புகளில் பூ எடுத்திருக்கிறது, காலையில் பனி சற்று அதிகம், மற்றபடி அனைவரும் நலம். இனி பனங்காடைக்கு வருகிறேன். கடிதம் முழுவதும் அதைப் பற்றித்தான் இருக்கும்.

இராயக்கோட்டை சாலையில், கொள்ளுக் காட்டின் மேலே செல்லும் மின்கம்பியிலிருந்து அது பறந்தெழுந்த கணத்தில் எடுத்த ரா கோப்பு அது, அதாவது கேமரா பதிவுசெய்தபடியே, திருத்தம் ஏதும் இல்லாத மூலக் கோப்பு. உன் விருப்பப்படி திருத்திக்கொள் என்பதற்கு மேல் நான் உன்னிடம் எதுவும் சொல்லவில்லை. இடப்பக்கத்திலிருந்து விழும் காலை வெயில், விரிந்த சிறகு, கீழே கம்பி, பின்னால் மங்கலாகத் தெரியும் பழுப்பு நிறப் பாறைக் குன்று, இவ்வளவுதான் அதில் இருந்தன. இவற்றைக் கொண்டே நீ நான்கு வெவ்வேறு படங்களைச் செய்திருப்பதைப் பார்த்தபோது, திருத்தம் என்பது படம் எடுப்பதன் தொடர்ச்சி என்று நாம் கல்லூரி நாட்களில் பேசிக்கொண்டது எனக்கு இன்னும் உறுதியாயிற்று.

முதல் படத்தில் நீ மிகக் குறைவாகவே கை வைத்திருக்கிறாய். ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறச் சமநிலையை, சற்றே சரிசெய்து, எக்ஸ்போஷர் என்னும் வெளிச்ச அளவைக் கொஞ்சம் கூட்டி, நாய்ஸ் என்னும் மணல்போன்ற புள்ளிகளைக் குறைத்து, ஓரங்களை வெட்டி கிராப் செய்திருக்கிறாய். பறவையை அடையாளம் காணவும் பறவைப் பதிவுத் தளமான இ-பேர்டில் பதிவேற்றவும் இதைவிட நல்ல படம் தேவையில்லை. பறவைக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம் என்பது ஒன்றே என் குறை. வால் நுனியின் கருநீலப் பட்டை சட்டகத்தின் ஓரத்தை ஏறக்குறைய தொட்டுக்கொண்டிருப்பதும் கண்ணை உறுத்துகிறது.

இந்தப் படத்தில் நான் பெரிதும் மதிப்பது நீ செய்யாமல் விட்ட ஒன்றை. சிறகின் நீலத்தை நீ கூட்டவில்லை. பனங்காடையின் படம் கையில் கிடைத்தால் பெரும்பாலோர் முதலில் கூட்டுவது சேச்சுரேஷன் என்னும் நிறச் செறிவைத்தான். உட்கார்ந்திருக்கும்போது மங்கிய பழுப்பாகத் தெரியும் பறவை சிறகை விரித்ததும் நீலமாக வெடிக்கிறதே, அந்த வியப்பைத் திரையிலும் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் அந்த வெளிர் நீலப் பட்டை, நம் திரைகள் வழக்கமாகக் காட்டும் நிறங்களின் எல்லையான எஸ்ஆர்ஜிபி நிறவெளியின் விளிம்பை ஒட்டியே இருக்கிறது. சற்று அழுத்தினாலும் நிற அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் நீலம் வலப்பக்கச் சுவரில் போய் முட்டிக்கொள்ளும், இறகுக்கு இறகு இருந்த வேறுபாடு அழிந்து சிறகு முழுவதும் வண்ணம் பூசிய தகடாகிவிடும். நீ விட்டுவைத்த படத்தில் அந்தப் பட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வோர் இறகின் நடுத்தண்டும், அதிலிருந்து சாய்வாகப் பிரியும் இழைகளும், வெயில் படும் பக்கத்தில் சற்றுப் பச்சை கலந்த நீலமும், மடிப்பின் நிழலில் ஊதாவை நெருங்கும் நீலமும் தனித்தனியே தெரிகின்றன. இதை இழந்துவிட்டுப் பெறும் பளபளப்பு எனக்கு வேண்டாம்.

அந்த நீலத்தின் வரலாறும் நம் ஊருக்கு அருகிலேயே இருக்கிறது. சர் சி.வி. இராமன் பெங்களூரில் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தபோது, 1934-இல், பறவைகளின் இறகு நிறங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அவர் அதற்கு எடுத்துக்கொண்ட பறவை இந்தப் பனங்காடைதான். இறகில் நீலச் சாயம் ஏதும் இல்லை. இழைகளுக்குள் இருக்கும் நுண்ணிய துளைகள் நிறைந்த அமைப்பு ஒளியைச் சிதறச் செய்வதால்தான் அது நீலமாகத் தெரிகிறது. இறகை அரைத்துப் பொடியாக்கினால் நீலம் போய்ப் பழுப்பு மட்டுமே மிஞ்சும். அதாவது நாம் பார்ப்பது வெயிலும் இறகும் சேர்ந்து செய்த நிறம். அதனால்தான், பனங்காடையைத் திருத்துகிறவர் அன்றைய வெளிச்சத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன்.

இரண்டாவது படமான கறுப்பு வெள்ளையை நான் எதிர்பார்க்கவே இல்லை. நிறத்துக்காகவே போற்றப்படும் பறவையிலிருந்து நிறத்தை நீக்குவது துணிச்சலான முடிவு. அதில் உனக்கு எதிரே நின்ற சிக்கலும் தெரிகிறது: மார்பின் செம்பழுப்பும் குன்றின் பழுப்பும் ஒரே சாம்பலாக மாறி, பறவையின் உடல் பாறைக்குள் கரைந்துவிடும். ஆரஞ்சு நிறங்களை வெளுப்பாக்கும் ஸ்லைடரைக் கூட்டினால் மார்போடு குன்றும் வெளுக்கும். நீ குன்றை மட்டும் பிரித்தெடுக்கும் மாஸ்க் ஒன்றை இட்டு அதை இருட்டாக்கி, மார்பை வெளிச்சத்தில் விட்டதால், தொண்டையிலும் மார்பிலும் உள்ள வெண்கீற்றுகள் வண்ணப் படத்தில் இருந்ததைவிடத் தெளிவாக எழுந்து நிற்கின்றன. நீலத்தைக் குறைத்துச் சிறகின் ஓரங்களைக் கரியாக்கி, நடுப் பட்டையை மட்டும் வெளுப்பாக விட்டதும் மிகச் சரியான முடிவு. சிறகின் அடிநிழலில் மட்டும் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தெரிகின்றன. ஒளியை உணரும் கேமராவின் சென்சாரில் நான்கு புள்ளிகளுக்கு ஒன்றுதான் நீலத்தைப் பதிவு செய்கிறது என்பதால், கருநீல நிழலை மேலே தூக்கும்போது நாய்ஸ் வருவது இயல்பு. அந்த நிழலை அப்படியே இருட்டாக விட்டுவிடு. படத்துக்கு அது கனம் தரும். இப்படத்தைப் பார்த்ததும் மா. கிருஷ்ணன் நினைவுக்கு வந்தார். ஒரு கேமராவின் உடலையும் இன்னொன்றின் பாகங்களையும் தாமே பொருத்திக்கொண்டு, ஏறத்தாழ வாழ்நாள் முழுவதும் கறுப்பு வெள்ளையிலேயே காட்டுயிர்களைப் படமெடுத்தவர் அவர். நிறம் இல்லாதபோது உருவமும் நிற்கும் நிலையும்தான் பேச வேண்டும் என்ற கட்டாயம் அவர் படங்களில் தெரியும். உன் படத்திலும் அது இருக்கிறது.

மூன்றாவது, பின்னணியை முழுவதும் வெள்ளையாக்கி, பழைய பறவை நூல்களின் ஓவியத் தகடு போலச் செய்தது. எண்ணம் நன்று. ஆனால் மாஸ்கின் விளிம்பு கூர்மையாக இருப்பதால் சிறகு கத்தரியால் வெட்டி ஒட்டியதாகத் தோன்றுகிறது, முதன்மை இறகுகளின் நுனியில் குன்றின் பழுப்பும் மெல்லிய கோடாகத் தங்கிவிட்டது. விளிம்பை மென்மையாக்கி, அந்தக் கோட்டின் நிறத்தை மட்டும் நீக்கிவிட்டால் நன்றாக வரும்.

நான்காவது படத்தைப் பற்றி நான் மனம் திறந்து எழுத வேண்டும். கம்பியை அழித்து, குன்றையும் நீக்கி, அந்தி வானத்தை வைத்திருக்கிறாய். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. உன் மகள் இதையே மிகவும் விரும்பினாள் என்று எழுதியிருந்தாய். இருந்தாலும், சூரியன் பறவைக்குப் பின்னால் இருக்கும்போது வெயில் எப்படி இடப்பக்கத்திலிருந்து மார்பில் விழும்? வானம் முழுவதும் பொன்னிறமாக இருக்க, சிறகின் அடியில் ஒரு துளிப் பொன்னும் ஏன் இல்லை? கண் இதை உடனே சொல்லாவிட்டாலும் உணர்ந்துவிடுகிறது. வெளிச்சத்தைப் பொருத்தமாக மாற்றியிருந்தாலும் எனக்கு மனம் ஒப்பாது. பனங்காடை திறந்த காட்டில் உயரமான இடத்தில் அமர்ந்து, கீழே நகரும் வெட்டுக்கிளியையும் வண்டையும் கண்டதும் பாய்ந்து பிடிக்கும் பறவை. பனைகள் குறைந்துவரும் நம் பக்கத்தில் மின்கம்பிதான் அதற்கு அமரும் கிளையாகியிருக்கிறது. கம்பியை எடுத்துவிட்டால் அது எங்கிருந்து எழுந்தது, எதற்காக அங்கே இருந்தது என்ற செய்தியே படத்திலிருந்து போய்விடுகிறது. காட்டுயிர்ப் புகைப்படப் போட்டிகள் பலவும், ஒரு பொருளைச் சேர்ப்பதையும் நீக்குவதையும் ஏற்காமல் மூலக் கோப்பைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. உன் வீட்டுச் சுவருக்கு இதை மாட்டிக்கொள்வதில் தடை ஒன்றும் இல்லை. ஆனால் படத்தின் கீழே இது கற்பனைப் படம் என்று எழுதிவிடு. பள்ளிக் கண்காட்சிக்கு மட்டும் இதை அனுப்பாதே. அங்கே வரும் பிள்ளைகளில் சிலர் பனங்காடையை முதன்முதலாக அந்தப் படத்தில்தான் பார்ப்பார்கள்.

நானும் ஒன்று செய்து இத்துடன் அனுப்புகிறேன். கிராப் செய்யவே இல்லை. மின்கம்பம், கம்பி, குன்று, அறுவடை முடிந்த காடு எல்லாம் இருக்கின்றன, பறவை வலப்பக்கத்தில் சிறியதாக இருக்கிறது. குன்றின் காண்ட்ராஸ்டை, அதாவது ஒளி-நிழல் வேறுபாட்டை, குறைத்து, பறவையின் மீது மட்டும் வெளிச்சத்தை மிகச் சிறிதளவு கூட்டினேன். முதலில் பார்ப்பவருக்குப் பறவை கண்ணில் படாமல் போகலாம். கண்டுபிடித்துவிட்டால் அதன் ஊரோடு சேர்த்துப் பார்ப்பார். கண்காட்சிக்கு உன் கறுப்பு வெள்ளையையும் இதையும் அருகருகே வைக்கலாமா என்று யோசித்துச் சொல்.

இன்னொரு கோப்பையும் சேர்த்திருக்கிறேன். கிருஷ்ணகிரி அணையில், தண்ணீருக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நின்ற கருவெள்ளை மீன்கொத்தி. பறவையே கறுப்பும் வெள்ளையும். நீர் கலங்கிய பச்சை. நிறத்தை நீக்கினால் பறவை ஒன்றும் இழக்காது, அணை மட்டும் இழக்கும். வெள்ளை இறகின் மிக வெளிச்சமான பகுதிகள் விவரம் இழந்து வெளிறிவிடாமலும் கரிய கண் கரிய முகப்பட்டையில் மறையாமலும் நீ எப்படிக் கொண்டுவருகிறாய் என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன். இம்முறை நான்கு வேண்டாம், நீ நம்பும் ஒன்றை மட்டும் அனுப்பு.

அன்புடன்,
முனிராஜ்