ஒரே கயிற்றில் யார்?

அன்புள்ள கண்ணம்மா,

பயிற்சி முடிந்துவிட்டது, அடுத்துப் பெரிய சிகரம் ஒன்றுக்குப் போகும் குழுவில் சேரப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. நீ மலை மலை என்று சொல்ல ஆரம்பித்ததிலிருந்து நானும் கே-2 சிகரத்தைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். அதில் ஒன்றை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும்.

காரகோர மலைத்தொடரில் இருக்கிறது, உயரம் 8,611 மீட்டர். 1954 ஜூலை 31 அன்று இத்தாலியர் இருவர் முதன்முதலில் உச்சியில் நின்றார்கள். எனக்கு அதற்கு முந்தைய வருஷம்தான் பெரிதாகத் தெரிகிறது.

1953-இல் சார்லஸ் ஹூஸ்டன் தலைமையில் எட்டுப் பேர் ஏறினார்கள். ஏறத்தாழ 7,700 மீட்டரில் பனிப்புயல் அவர்களை நாள்கணக்கில் கூடாரத்துக்குள் முடக்கியது. குழுவில் ஒருவரான ஆர்ட் கில்கிக்குக் காலில் இரத்தம் உறைந்து, நடக்க முடியாமல் போயிற்று. ஹூஸ்டன் மருத்துவர். அங்கிருந்து ஒருவரை இறக்குவது எவ்வளவு கடினம் என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் விட்டுவிட்டு வரலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கில்கியைப் படுக்கைப் பையில் சுற்றிக் கட்டி, புயலோடு புயலாக இறக்கினார்கள்.

ஆகஸ்ட் 10. ஜார்ஜ் பெல் சறுக்கினார். ஒருவரையொருவர் பிணைத்திருந்த கயிறுகள் ஒன்றோடொன்று சிக்க, ஐந்து பேர் சரிவில் உருண்டார்கள். மேலே பீட் ஷோனிங், பாறைக்குப் பின்னால் பனிக்கோடரியை ஊன்றி, கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த ஐந்து பேரும், கூடவே கில்கியும், ஒருவர் பிடியில் நின்றார்கள். ஷோனிங்குக்கு அப்போது 26 வயது. உன் வயசு, கண்ணம்மா.

கில்கி பிழைக்கவில்லை. சரிவில் அவரைக் கட்டி வைத்துவிட்டு, அடிபட்டவர்களுக்குக் கூடாரம் போடப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஆள் இல்லை. பனிச்சரிவு கொண்டுபோனதா, நண்பர்களாவது பிழைக்கட்டும் என்று தானே கயிற்றை விடுவித்துக்கொண்டாரா என்று பின்னாளில் கேள்வி எழுந்தது. மற்ற ஏழு பேரும் உயிரோடு இறங்கினார்கள். அவருக்காக அவர்கள் அடுக்கிய கற்குவியல் அடிவார முகாமருகே இன்றும் இருக்கிறது.

நான் கில்கியைப் பெற்றவளை நினைத்துக்கொள்கிறேன். பிள்ளை போய்விட்டான். ஆனால் கூடப் போனவர்களில் ஒருவர்கூட அவனைக் கைவிடவில்லை. எந்தத் தாய்க்கும் அது ஆறுதலாகாதுதான். இருந்தும் அது சின்ன விஷயம் இல்லை.

உச்சிக்குப் போவாயா என்று நான் கேட்கவில்லை. உன் கயிற்றில் சேர்ந்து வருபவர்கள் யார் யார்? அவர்களோடு முன்பு ஏறியிருக்கிறாயா? குழுவில் மருத்துவர் உண்டா? யாருக்காவது முடியாமல் போனால் எல்லோரும் இறங்குவது என்று இப்போதே பேசி வைத்திருக்கிறீர்களா? கிளம்புவதற்கு முன் இதற்கெல்லாம் பதில் எழுது.

அன்புடன்,
அம்மா