எழுத்தை எழுத்தாகவே அனுப்புங்கள்

வாடிக்கையாளருக்கு மின்னஞ்சலில் அறிவித்தல் அனுப்பும் கொழும்பு நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் வெள்ளவத்தையில் பெரியம்மா தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார், பிள்ளை." திரையில் சாம்பல் நிறக் கட்டங்கள் மட்டுமே தெரிந்தன. டேட்டா முடியும் தறுவாயில் இருந்ததால் படங்கள் இறங்கவில்லை. ரீலோட் போட்ட பிறகுதான் விடயம் தெரிந்தது: கட்டணம் செலுத்தும் முறை மாறுகிறது என்று உங்களில் ஒருவர் அனுப்பிய அறிவித்தல். முழுவதும் ஒரே படம். மேலே சின்னம், நடுவில் சிரிக்கும் குடும்பம், சிங்களம், ஆங்கிலம், எல்லாவற்றுக்கும் கீழே கடுகளவில் தமிழ்.

பெரியம்மா தன் தொலைபேசியில் எழுத்தின் அளவை ஆகப் பெரிதாக வைத்திருக்கிறார். அந்த வசதி எழுத்துக்குத்தான் உதவும். படத்துக்குள் வரைந்த எழுத்தை அது தொடாது. இரண்டு விரலால் விரித்துப் பார்த்தார், தமிழ் மங்கிக் கலைந்தது. பார்வையற்றவருக்கு மடலை வாசித்துக் காட்டும் மென்பொருளும், படத்தில் இருப்பதைச் சொல்லும் மாற்று விளக்கம் எழுதப்படாத படத்தின் முன் பெரும்பாலும் ஊமையாகிவிடும். பிறகு தேடினாலும் அந்த மடல் அகப்படாது, ஏனென்றால் தேடுவதற்கு அதில் ஒரு சொல்கூட இல்லை. கடைசியில் அவர் காலி வீதியில் பஸ் ஏறி, கிளைக்குப் போய்க் கேட்டுத்தான் உறுதிப்படுத்திக்கொண்டார். எழுத்தாக அனுப்பியிருந்தால் நான்கு வரி. நான்கு வரித் தமிழ் இரண்டு கிலோபைட்டைக்கூடத் தாண்டாது.

இதைவிட எனக்குப் பயம் தருவது பொத்தான். "இங்கே அழுத்துங்கள்" என்று வண்ணப் பொத்தான் வைக்கிறீர்கள். அழகூட்டிய மடலில் கண்ணுக்குத் தெரியும் சொல் ஒன்று, அதற்குப் பின்னால் இருக்கும் முகவரி இன்னொன்று. கணினியில் சுட்டியை மேலே கொண்டுபோனால் அந்த முகவரி தெரியும். தொலைபேசியில் விரலை அழுத்திப் பிடித்துப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்படிப் பார்ப்பவர் எவருமில்லை. மோசடிக்காரன் உங்கள் சின்னத்தையும் நிறத்தையும் பொத்தானையும் அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறான். பெரியம்மா எதைக் கொண்டு வேறுபாடு காண்பார்? கண்ணை மூடிக்கொண்டு அழுத்தும் பழக்கத்தை அவருக்கு ஊட்டியது நீங்கள் அனுப்பிய உண்மையான மடல்கள்தான். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. மடலுக்கு வெளியே, வழங்கியில் (இணையத்தில் கோப்புகளைத் தரும் கணினியில்) வைத்த படம் ஒவ்வொன்றும், மடலைத் திறந்த கணத்தை அனுப்பியவருக்குச் சொல்லக்கூடியது. கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளி அளவுப் படத்தை இதற்கென்றே வைப்பவர்களும் இருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிய நாடு இது. ஒரு மடலை எப்போது படித்தோம் என்பதும் எங்கள் சொந்த விடயம்தான்.

அழகே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. ஒரே மடலுக்குள் வெறும் எழுத்து வடிவத்தையும் அலங்கார வடிவத்தையும் சேர்த்து அனுப்பும் வழியை, மின்னஞ்சல் எப்படி அமைய வேண்டும் என்று சொல்லும் 'மைம்' (MIME) தரம் 1992இலேயே வகுத்துவிட்டது. உங்கள் மென்பொருளிலும் அது இருக்கும். ஆனால் எழுத்து வடிவத்துக்கான இடத்தில், "இந்த மடலைப் பார்க்க வேறு செயலியைப் பயன்படுத்துங்கள்" என்ற ஒற்றை வரியைப் பலர் நிரப்பி அனுப்புகிறார்கள். அந்த இடத்தில் செய்தியை முழுவதுமாக எழுதுங்கள், மூன்று மொழியிலும். அலங்கார வடிவத்திலும் சொற்களைப் படத்துக்குள் பூட்டாதீர்கள். இணையத்தளத்துக்குப் போகச் சொல்வதானால் பொத்தானை விட்டுவிட்டு, முகவரியை முழுதாக, கண்ணுக்குத் தெரியும்படி எழுதுங்கள்.

பெரியம்மாவின் அடுத்த பட்டியல் மாத முடிவில் வரும். முதல் வரியில் தொகையும் இரண்டாம் வரியில் கடைசித் திகதியும் தமிழ் எழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு