மெஷின் வாங்கியாச்சு, அரம் வாங்கியாச்சா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி நெருங்கினால் திருநெல்வேலிச் சீமையில் பெட்ரோலில் ஓடும் மரம் அறுக்கும் மெஷினுக்குக் கிராக்கி வந்துவிடும். காற்றில் சாய்ந்த வேம்பை ரோட்டை விட்டு அகற்ற ஊராட்சிக்காரர்கள் வாங்குகிறார்கள். தென்னந்தோப்புக்காரர்களும் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களும் வாங்குகிறார்கள். அடுத்த ஐப்பசிக்குள் அதில் பல மெஷின்கள் மோட்டார் ரூம் மூலைக்குப் போய்விடுகின்றன. பழி கம்பெனி மேல் விழுகிறது. பழுதுக்கு வருவதைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் பெட்ரோல் கலவை தப்பாக இருக்கும், இல்லாவிட்டால் செயின் மழுங்கியிருக்கும்.

முதல் கோளாறு கடையிலேயே ஆரம்பிக்கிறது. 58, 62 சி.சி. என்று ஸ்டிக்கர் ஒட்டி 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) மாட்டிக் கொடுத்தால், பெரிய மெஷின் என்று சந்தோஷமாகத் தூக்கி வருகிறோம். சிலிண்டர் விட்டம் எத்தனை மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், எத்தனை என்று கேளுங்கள். 45-ம் 32-ம் என்று பதில் வந்தால் கணக்கு 51 சி.சி.யைத் தொடாது, ஸ்டிக்கர் என்ன சொன்னாலும் சரி. அந்த எஞ்சினைக் கொண்டு 22 அங்குல பாரை முழுசாக மரத்துக்குள் இறக்கினால் செயின் நின்று கிளட்ச் மட்டும் சுற்றும், கருகும். தென்னைக்கும் கிளை கழிக்கவும் 40 முதல் 45 சி.சி.யும் 16 அங்குல பாரும் தாராளம். வேம்பு, புளி என்று அடிமரத்தில் இறங்குகிறவர்களுக்கு 50 சி.சி.க்குக் கொஞ்சம் மேலும் 18 அங்குலமும் போதும். அதைவிடப் பருத்த மரத்தை இரண்டு பக்கமிருந்தும் அறுத்துக்கொள்ளலாம்.

ஸ்டில், ஹஸ்க்வர்னா என்று போனால் விலை கூடுதல்தான். எந்தக் கம்பெனி ஆனாலும் பணத்தை நீட்டும் முன், கார்புரேட்டர் டயாஃப்ரம், ஆயில் பம்ப், கிளட்ச் டிரம், ஸ்டார்ட்டர் ஸ்பிரிங் நாலையும் மேசையில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ‘வரவழைச்சுத் தாரேன்’ என்று பதில் வந்தால் அந்த மெஷின் வேண்டாம். மழை நாளில் பார்சலுக்குக் காத்திருக்க முடியாது. பழைய மெஷின் வாங்குகிறவர்கள் சைலன்சரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் பேரம் பேசலாம். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறியிருந்தால் அது ஒரு தடவை சூடேறிப் பிடித்த எஞ்சின். இனாமாகக் கொடுத்தாலும் செலவு வைக்கும்.

கலவைக்கு வருகிறேன். இது டூ-ஸ்ட்ரோக். எஞ்சினுக்குள் தனியாக ஆயில் கிடையாது, பெட்ரோலோடு போகிற ஆயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் காப்பாற்றுகிறது. கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றிருந்தால் 40 மில்லி. பழைய டி.வி.எஸ். 50 ஓட்டிய கை இதிலும் கண்மதிப்பாகவே ஊற்றுகிறது. இந்த எஞ்சின் நிமிஷத்துக்கு 10,000 சுற்றைத் தாண்டுவது. ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று 70 மில்லி ஊற்றினால் பிளக் கறுத்து நனையும், சைலன்சர் வாயில் கரி அடைக்கும். மருந்துக் கடையில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி மெஷின் கைப்பிடியிலேயே கட்டிவிடுங்கள், தீர்ந்தது.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பல மெஷின் கையேடுகள் 10 சதவீதம் வரைதான் ஒத்துக்கொள்கின்றன. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அடைமழையில் அரை கேன் பெட்ரோல் மூடியும் சரியாக இறுக்காமல் ஒரு மாதம் கிடந்தால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து அடியில் தனியாகத் தங்கலாம். டேங்க்குக்குள் ஃபில்டர் தொங்குவதும் அதே அடியில்தான். கலந்த ஆயிலோ மேலே நிற்கிற பெட்ரோலோடு போய்விடும். எஞ்சினுக்குப் போவது வழவழப்பே இல்லாத தண்ணீர்க் கலவை. சந்தேகமாக இருந்தால் கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிப் பத்து நிமிஷம் அசைக்காமல் வையுங்கள். நடுவில் கோடு தெரிந்தால் அந்தக் கேனை மெஷின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஒரு வார வேலைக்கு எவ்வளவோ அவ்வளவே கலக்குங்கள், ஊற்றும் முன் கேனைக் குலுக்குங்கள். இன்னொன்று: சத்தம் கணீரென்று வருகிறதே என்று கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ‘எச்’ திருகை இறுக்குகிறவர்கள் உண்டு. அந்தக் கூர்மையான சத்தம் பெட்ரோல் போதாமல் எஞ்சின் போடுகிற கூச்சல்.

அடுத்தது செயின். தூள் எப்படி விழுகிறது என்று பாருங்கள். அவல் மாதிரி துண்டு துண்டாக விழுந்தால் பல் கூர்மை. ரவை, மாவு என்று விழ ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். நாம் நிறுத்துவதில்லை, மெஷினை மரத்தின்மேல் வைத்து அழுத்துகிறோம். பார் நீலம் பாய்ந்து, கிளட்ச் சூடேறி, ஆளுக்கும் தோள்பட்டை போகிறது. டேங்க் நிரப்பும் ஒவ்வொரு தடவையும் பல்லுக்கு இரண்டு இழுப்பு அரம் போட்டால் இந்த நிலைமை வராது. .325 அங்குல பிட்ச் (கண்ணி இடைவெளி) செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம். பல்லின் மேல்தட்டில் 30 டிகிரிக் கோடு வெட்டியிருப்பார்கள், அதற்கு இணையாக உள்ளிருந்து வெளியே தள்ள வேண்டும். திரும்ப வரும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள், முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. இடப்பக்கப் பல்லுக்கு மூன்று, வலப்பக்கத்துக்கு ஐந்து என்று போட்டால் அறுப்பு வளைந்து போகும். அதற்கு பாரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாலைந்து தடவை தீட்டியபின், பல்லுக்கு முன்னால் நிற்கும் குட்டைத் திமிலையும் தட்டை அரத்தால் இறக்க வேண்டும், பல் நுனியிலிருந்து 0.65 மில்லிமீட்டர் தாழ்வாக. அதற்கு மேல் இறக்கினால் செயின் மரத்தைக் கடித்து இழுக்கும், பார் முகத்துக்கு எகிறும்.

புதுச் செயின் வாங்கப் போகிறவர்கள் ‘18 அங்குலம்’ என்று மட்டும் கேட்டுத் திரும்பி வருகிறார்கள். பாரின் அடியில் பொறித்திருக்கும் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள்: பிட்ச், காடியின் (செயின் ஓடும் பள்ளத்தின்) அகலம், அதற்குள் ஓடும் கீழ்ப்பல் எண்ணிக்கை. .325, 1.5 மில்லிமீட்டர், 72 என்று இருக்கும். ஒன்று மாறினாலும் மாட்டாது, மாட்டினால் ஓடாது.

செயினுக்கும் பாருக்கும் வழவழப்பு கொடுக்கும் பார் ஆயிலுக்கு பைக்கில் வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றுவது நம்மூர் சிக்கனம். அதிலுள்ள இரும்புப் பொடி பம்பையும் பாரின் காடியையும் அரித்துவிடும். செயின் ஆயில் கிடைக்காத நாளில் புது எஸ்.ஏ.இ. 40 எஞ்சின் ஆயில் ஊற்றுங்கள். வெள்ளைச் சாக்கின்மேல் பார் நுனியை நீட்டி ரேஸ் கொடுத்தால் ஆயில் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பார் ஓட்டையில் தூள் அடைத்திருக்கிறது. வாரம் ஒரு தடவை பாரைப் புரட்டி மாட்டுங்கள், இரண்டு விளிம்பும் சமமாகத் தேயும். செயின் பாரின் அடியில் தொங்காமல், கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓடும் அளவுக்கு இறுக்கம் போதும். சூட்டில் நீண்டபோது இறுக்கியதை வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். ஆறும்போது அது சுருங்கி கிராங்க்கையே இழுக்கும்.

மரத்துக்கு மரம் தொந்தரவு வேறு. பனைக்கு வைரம் வெளியே, சோறு உள்ளே. முதல் நாலு விரற்கடையிலேயே செயின் கூர்மை பாதி போய்விடும், நாரும் கிளட்ச் மூடிக்குள் சுற்றி அடைக்கும். (பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். அதை முதலில் பாருங்கள்.) திசையன்விளைப் பக்கத் தேரி மணல் (செம்மணல்) அடிமரப் பட்டையில் ஒட்டியிருக்கும், அரிவாளால் பட்டையைச் செதுக்கிவிட்டு அறுங்கள். சீமைக்கருவேலத்தைத் தரையோடு தரையாக அறுக்கப் போய் செயின் ஒரு நொடி மண்ணைத் தொட்டாலும் அன்றைக்கு அரம்தான். ரோட்டோர வேம்பில் ஆணியும் கம்பியும் புதைந்திருக்கும். சாய்ந்த மரம் கரண்டு கம்பியைத் தொட்டுக் கிடந்தால், மின்வாரியத்தார் வந்து லைனை நிறுத்தும்வரை கிட்டே போக வேண்டாம்.

ஊராட்சிகளுக்கு ஒரு வேண்டுகோள். மெஷின் பில்லோடு அரம் இரண்டு, மாற்றுச் செயின் ஒன்று, பிளக் ஒன்று, முகமூடியுள்ள ஹெல்மெட், கால் கவசம் இவற்றையும் சேர்த்து வாங்குங்கள். லுங்கியோடு யாரையும் மெஷினைத் தொட விடாதீர்கள். மழைக்காலம் முடிந்து உள்ளே வைக்கும்போது டேங்க்கைக் கவிழ்த்துக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும்வரை ஓட விட்டு, ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் பண்ணி வையுங்கள். புரட்டாசி கடைசியில் ஒருநாள் வெளியே எடுத்து, புதுக் கலவை ஊற்றி, ஒரு விறகுக் கட்டையாவது அறுத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
மரம் அறுக்கும் மெஷின் பழுது பார்ப்பவர்,
வீரவநல்லூர்.