அந்தப் புட்டியை ஏன் திறக்கவில்லை என்றால்

பாப்பா,

மாதவிலக்கு நின்ற பிறகு எனக்கு வரும் வெக்கைக்கென்று நீ அனுப்பிய மூலிகை மாத்திரைப் பார்சல் போன வாரமே வந்துவிட்டது. வந்ததைச் சொல்லாமல் இருந்ததற்குக் கோபப்படாதே. புட்டியை எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததையெல்லாம் அப்பாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் படித்துவிட்டு, அப்படியே அலமாரியில் வைத்துவிட்டேன். "சாப்பிட ஆரம்பிச்சியாம்மா?" என்று மூன்று தடவை கேட்டாய், மூன்று தடவையும் பேச்சை மாற்றினேன். நான்காவது தடவை நீ கேட்பதற்குள் எழுதிவிடுகிறேன். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே நீ அழுவாய், இல்லாவிட்டால் நான் கத்துவேன்.

நீ வந்து தங்கியிருந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு நான் நனைந்த நைட்டியை மாற்றிக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டாய். அதிலிருந்துதான் உனக்கு இந்தப் பயம். உன்னிடம் சொல்லாமல் மறைத்தது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். இந்த வெக்கை, மார்புக்கு நடுவில் யாரோ அடுப்பைப் பற்ற வைத்த மாதிரி தொடங்கும், கழுத்து, முகம், காது மடல் வரை ஏறும், நெஞ்சு படபடக்கும், தலையிலிருந்து வேர்வை கொட்டும், இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும், அப்புறம் குளிர் நடுக்கும். வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போது வந்தால் கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையாவது எழுதுவேன். இந்த வருடப் பிள்ளைகள் நிறைய எழுதிக்கொண்டது அதனால்தான்.

இது உடம்பின் கோளாறு என்பதைவிட மூளையின் கோளாறு என்று சொல்ல வேண்டும். உடம்புச் சூட்டைக் கவனித்துக்கொள்ளும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் சில நரம்பணுக்களை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அடக்கி வைத்திருக்கிறது. மாதவிலக்கு நிற்கும் வயதில் அது குறைந்ததும் அவை கட்டவிழ்ந்து துள்ளுகின்றன. சாதாரணமாகச் சூடு கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் உடம்பு கண்டுகொள்ளாது. அந்தச் சகிப்பு எல்லை இப்போது சுருங்கிவிடுகிறது, அதனால் துளி ஏறினாலும் மூளை "ஐயோ, வெந்துவிட்டோம்" என்று ரத்தக்குழாய்களை விரித்து வேர்வையைத் திறந்துவிடுகிறது. இது தெரிந்த பிறகு எனக்குக் கோபம் கொஞ்சம் குறைந்தது. என் உடம்பு என்னைப் பழிவாங்கவில்லை, பொய் அலாரம் அடிக்கிறது, அவ்வளவுதான்.

சரி, "பேசாமல் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே, அந்தப் பழைய பயமெல்லாம் இப்போது இல்லையாமே" என்றாயே. நீ படித்தது சரிதான். 2002-இல் அமெரிக்காவில் ஹார்மோன் மாத்திரையைச் சோதித்த ஒரு பெரிய ஆய்வை, ஆபத்து கூடுவதாகத் தெரிந்ததால் பாதியில் நிறுத்தினார்கள், பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள், சராசரி வயது 63. அதைப் பார்த்து உலகம் முழுக்கப் பெண்கள் மாத்திரையைத் தூக்கிப் போட்டார்கள். அப்புறம் ஆற அமர அலசியதில், அறுபது வயதுக்குள், மாதவிலக்கு நின்று பத்து வருடத்துக்குள் இருக்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பெரும்பாலும் நன்மைதான் அதிகம் என்று தெரிந்தது. ஆனால் அந்தக் கணக்கில் உன் அம்மா இல்லை. எனக்கு வந்தது ஹார்மோனைத் தின்று வளரும் வகை மார்பகப் புற்றுநோய். அப்படிப்பட்டவர்களுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்த 'ஹாபிட்ஸ்' என்ற ஆய்வையும் 2003-இல் நிறுத்திவிட்டார்கள், நோய் திரும்பி வருவது அதிகமானதால். ஈஸ்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கத் தினமும் டமாக்சிஃபென் விழுங்கிக்கொண்டு, இன்னொரு கையால் ஈஸ்ட்ரோஜனையே விழுங்குவது எப்படி? அந்த டமாக்சிஃபெனே இந்த வெக்கையைக் கூட்டும் என்பது இதில் இன்னொரு வேடிக்கை.

என் மனத்தாங்கல் அதில் இல்லை. நான் முதலில் பார்த்த டாக்டர் "உங்களுக்கு ஹார்மோன் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டுக் கோப்பை மூடினார், அடுத்தவரைக் கூப்பிட்டார். அதை நான் "பொறுத்துக்கொள், வேறு வழியில்லை" என்று எடுத்துக்கொண்டேன். ஒன்றரை வருடம். தூக்கம் இல்லாமல், உன்னிடம் போனில் எரிந்து விழுந்து, அப்பாவின் மின்விசிறியோடு சண்டை போட்டுக்கொண்டு. பொறுத்தால் போய்விடும் என்று சொல்பவர்களை இப்போது கண்டால் எனக்கு ஆகாது. அடிக்கடி வெக்கை வரும் பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்ததில் பாதிப்பேருக்கு அது ஏழு வருடத்துக்கு மேல் நீடித்திருக்கிறது. ஏழு வருடம் பொறுப்பதற்கு நான் என்ன கல்லா?

நடுவில் ஒரு விபத்தும் நடக்க இருந்தது. வேறொரு டாக்டரிடம் தூக்கமில்லை, படபடப்பு என்று போனேன், பராக்ஸிடின் எழுதிக் கொடுத்தார். மனச்சோர்வு மாத்திரைதான், குறைந்த அளவில் வெக்கைக்கும் கொடுப்பார்கள், அமெரிக்காவில் அதற்கென்றே 2013-இல் அனுமதி வாங்கிய மருந்து. ஆனால் டமாக்சிஃபெனைக் கல்லீரலில் ஒரு நொதி பக்குவப்படுத்தினால்தான் அது முழு வீச்சில் வேலை செய்யும், பராக்ஸிடின் அந்த நொதியையே கட்டிப்போட்டுவிடும். மருந்துக் கடையில் இருந்த பெண் இரண்டு சீட்டுகளையும் சேர்த்துப் பார்த்து, "உங்க கேன்சர் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க" என்றாள். சின்னப் பெண், உன் வயதுகூட இருக்காது. அன்றிலிருந்து எந்த டாக்டரிடம் போனாலும் நான் விழுங்கும் எல்லாவற்றின் பட்டியலையும் முதலில் மேசையில் வைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

கேன்சர் டாக்டர் அதற்குப் பதில் வென்லாஃபாக்ஸின் கொடுத்தார். அதுவும் மனச்சோர்வு மாத்திரை வகைதான், ஆனால் அந்த நொதியை அவ்வளவாகத் தொடாது. 37.5 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரம் கழித்து 75. முதல் நான்கு நாள் குமட்டல், வாய் வறட்சி, "இது வேண்டாம்" என்று இருந்தது. இரண்டாவது வாரத்தில் நோட்டில் எண்ணிப் பார்த்தால் நாளுக்குப் பதின்மூன்று தடவை வந்தது ஆறாகியிருந்தது. சுத்தமாகப் போகவில்லை, ஆனால் ஆறு என்பது மனிதர்கள் வாழக்கூடிய எண்ணிக்கை. இந்த மாத்திரையை நினைத்த நாளில் நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும், ரத்த அழுத்தத்தையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். அம்மாவுக்கு மனநோய் மாத்திரை எழுதிவிட்டார்களே என்று நீ பதறாதே. ராத்திரி வேர்வை ரொம்பப் படுத்துபவர்களுக்கு கபாபென்டின் தருவதுண்டு, படுக்கப்போகும்போது போட்டால் தூக்கமும் வரும், காலையில் தலை சுற்றும். ஆக்ஸிபியூட்டினின் என்று சிறுநீர்ப்பை மருந்து ஒன்று, அதுவும் கேட்கும். ஆனால் வாய் காயும், வயதானவர்களுக்கு ஞாபகத்தைக் கலக்கும் என்பதால் எனக்கு மனசு வரவில்லை.

புதிதாக, ஹார்மோனே இல்லாமல், நான் சொன்ன அந்தத் துள்ளும் நரம்பணுக்களுக்கு வரும் சைகையையே தடுக்கும் மருந்துகள் வந்திருக்கின்றன. ஃபெசோலினெட்டன்ட் 2023-இல் வந்தது, கல்லீரலைக் கெடுக்கக்கூடும் என்று கடுமையான எச்சரிக்கை இருப்பதால் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் வந்த எலின்சானெட்டன்டை என்னைப் போல் ஹார்மோன் தடுப்பு மருந்து எடுக்கும் மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடமே சோதித்து 2025-இல் முடிவு வெளியிட்டார்கள், நன்றாகவே கேட்டிருக்கிறது. அடுத்த முறை போகும்போது கேட்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். அவசரமில்லை, ஆறோடு நான் குடும்பம் நடத்திவிடுவேன்.

நீ சிரிக்கப்போவது இதற்குத்தான். அம்மா கவுன்சிலிங் போனாள். சிபிடி என்கிறார்கள், எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சி. வாரம் ஒன்று, ஆறு வாரம். "வேர்க்கிறதுக்கு மனசு என்ன பண்ணும்" என்று நானும்தான் கேட்டேன். மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு வெக்கையால் தவித்த பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-இல் வந்தது. வெக்கையின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை, ஆனால் அது படுத்தும் பாடு குறைந்தது. எனக்கும் அப்படித்தான். முன்பெல்லாம் சூடு ஏறத் தொடங்கினதும் "எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள், அசிங்கம்" என்று நினைப்பேன், அந்த நினைப்பிலேயே இதயம் இன்னும் அடித்துக்கொள்ளும், இன்னும் வேர்க்கும். இப்போது "வந்துவிட்டாயா, மூன்று நிமிடம், போய்விடு" என்று சொல்லிக்கொண்டு கைக்குட்டையை எடுக்கிறேன். போன மாதம் வகுப்பில் பிள்ளைகளிடமே "டீச்சருக்கு வேர்க்குது, ஜன்னலைத் திற" என்று சொல்லிவிட்டேன். ஒருத்தன் ஓடிப்போய்த் திறந்தான். அவ்வளவுதான் நடந்தது, வானம் இடிந்து விழவில்லை. ராத்திரி விழித்துக்கொண்டால் மணி பார்ப்பதையும் விட்டுவிட்டேன், அதுவும் அங்கே சொல்லிக்கொடுத்ததுதான்.

இப்போது உன் புட்டி. அதில் பிளாக் கோஹோஷ் என்ற மூலிகை இருக்கிறது, செறிவூட்டிய சோயா இருக்கிறது, செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையும் இருக்கிறது. கடைசியாகச் சொன்னது பல மருந்துகளைக் கல்லீரலில் வேகமாகக் கரைத்து வெளியேற்றிவிடும், டமாக்சிஃபெனும் அதில் அடக்கம். வென்லாஃபாக்ஸினோடு சேர்ந்தால் வேறு ஆபத்தும் உண்டு. முதலில் சொன்னது சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கிறது. 'இயற்கை' என்று பச்சை இலை படம் போட்டிருந்தால் போதுமா, எருக்கம்பாலும் இயற்கைதான். உன் தோழியின் அம்மாவுக்குக் குறைந்தது என்றாய். பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, வெக்கை ஆய்வுகளில் வெறும் மாவு மாத்திரை விழுங்கிய பெண்களுக்கே கணிசமாகக் குறைந்திருக்கிறது. அவர்கள் கல்லீரலும் அவர்கள் மாத்திரையும் வேறு, என்னுடையது வேறு. நீ செலவழித்த பணத்தை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இன்னொன்று, எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் உனக்கும் ஒருநாள் வரும். வெக்கை எப்போதாவது ஓயும். கீழே வரும் வறட்சி தானாக ஓயாது, போகப் போகக் கூடும். எரிச்சல், அடிக்கடி சிறுநீர்த் தொற்று, அப்பாவோடு... சரி, புரிந்திருக்கும். நான் அதை வருடக்கணக்கில் யாரிடமும் வாய் திறக்கவில்லை, டாக்டர்களும் கேட்கவில்லை. ஹார்மோன் இல்லாத ஈரப்பத ஜெல் இருக்கிறது, வாரம் இரண்டு மூன்று தடவை, தேவைப்படும்போது மட்டும் இல்லாமல் வழக்கமாகப் போட வேண்டும். உறவின்போது போடும் வழுக்கும் ஜெல் தனி. அதற்கும் கேட்காவிட்டால் மிகக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜனை அந்த இடத்தில் மட்டும் வைக்கும் வழி உண்டு, அதை என்னைப் போன்றவர்கள் கேன்சர் டாக்டரோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். எனக்கு ஜெல்லே போதுமாக இருக்கிறது.

எலும்பின் வலுவைப் பார்க்கும் ஸ்கேன் எடுத்தாயிற்று, பரவாயில்லை என்றார்கள், நடையும் லேசான எடை தூக்குவதும் போகிறது. அப்பா டம்பெல்லைப் பார்த்துவிட்டு எனக்குப் பயப்படத் தொடங்கியிருக்கிறார். மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள், டமாக்சிஃபென் எடுப்பவர்களுக்குக் கர்ப்பப்பையிலும் கண் வைக்க வேண்டும்.

எனக்குக் கூடாது என்பதால் உனக்கும் கூடாது என்று இப்போதே முடிவு கட்டிவிடாதே. அம்மாவுக்கு வந்தது என்பதை மட்டும் வைத்து ஹார்மோனை மறுக்க வேண்டியதில்லை, உன் வயது, உன் உடம்பு, மரபணுப் பரிசோதனை தேவையா என்பதையெல்லாம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சித்திக்கு முன்பு காலில் ரத்தம் உறைந்ததால் ஹார்மோன் மாத்திரை கூடாது என்றார்கள். அவள் விடாமல் கேட்டதில், ஹார்மோன் தோல் வழியாகப் போகும் ஒட்டுப்பட்டை அந்த ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை என்று ரத்த நிபுணரிடம் அனுப்பி, இப்போது அதைப் போட்டுக்கொண்டு திரிகிறாள். 'கூடாது' என்று சொன்னால் எது கூடாது, எதனால் கூடாது, பதிலுக்கு என்ன என்று மூன்றையும் கேட்டுவிட்டு எழுந்திரு. நான் கேட்காமல் எழுந்து வந்தேன்.

புட்டியைத் திருப்பி எடுப்பார்களா என்று கேட்டுப் பார், சீல் பிரிக்கவில்லை. ஏதாவது அனுப்பியே தீர வேண்டும் என்றால் மெல்லிய பருத்தி நைட்டி இரண்டு அனுப்பு, முன்பக்கம் பொத்தான் வைத்தது. அடுத்த முறை வரும்போது என் அறையில் படுப்பேன் என்று அடம்பிடிக்காதே, ஜன்னல் இரண்டும் திறந்திருக்கும், விசிறி முழு வேகத்தில் ஓடும், உனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அப்படியும் படுப்பாய் என்று தெரியும், அதனால் தடிமனான போர்வையைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

அம்மா