மூலிகை பழசுதான், மருந்து புதுசு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூலிகைச் சத்தை நானோ துகளில், அதாவது கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகளில், ஏற்றிக் கொடுத்தால் உடல் பல மடங்கு உறிஞ்சுகிறது என்று அடிக்கடி படிக்கிறோம். நல்ல விஷயம்தான். ஆனால் அத்தனை மடங்கு உள்ளே போகிறதென்றால் எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வரிகூடக் காணோம், அதுதான் என்னை எழுத வைத்தது.

மஞ்சளுக்கு நிறம் தரும் சத்தான குர்குமினையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் சரியாகக் கரையாது, குடலைத் தாண்டிப் போகிற கொஞ்சத்தையும் குடல் சுவரும் கல்லீரலும் உடனே வேறு பொருளாக மாற்றி வெளியே தள்ளிவிடுகின்றன, அதனால் கிராம் கணக்கில் விழுங்கியவர்களின் ரத்தத்தில்கூட அது மிகச் சொற்பமாகவே தென்படுகிறது. கொழுப்பிலோ புரதத்திலோ பொதிந்து நுண்துகளாக்குவது இந்தத் தடையைத் தாண்டத்தான். சரி, தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் 'காலங்காலமாகப் பயன்பட்டது, பக்கவிளைவே கிடையாது' என்று எப்படிச் சொல்ல முடியும்? அந்த அனுபவம் முழுக்க, பெரும்பகுதி உறிஞ்சப்படாமல் வெளியேறிய மஞ்சளைப் பற்றியது அல்லவா! மஞ்சள் மாத்திரை சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் வந்திருக்கின்றன, அவற்றில் சில உறிஞ்சுதலைக் கூட்டத் தயாரித்த மாத்திரைகள்.

முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு பாக்லிடாக்சல் இருக்கிறது. யூ என்ற ஊசியிலை மரத்தின் பட்டையில் கண்டெடுத்த புற்றுநோய் மருந்து. தண்ணீரில் கரையாததால் ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த கரைப்பானில் கலந்து ஏற்றினார்கள், அந்தக் கரைப்பானே சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தந்தது. அல்புமின் புரதத்தோடு சேர்த்து சுமார் 130 நானோமீட்டர் துகளாக்கிய வடிவத்துக்கு 2005-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இது ரத்தக்குழாயில் ஏற்றுவது, குடல் சங்கதி இங்கே இல்லை. ஆனாலும் பாருங்கள், மார்பகப் புற்றுநோய்க்கு உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம் என்றிருந்த அளவு, புதிய வடிவத்தில் 260 ஆனது. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைக் கொடுக்கக் கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை உண்டு. மருந்து அதேதான், சுமப்பது மாறியதும் மனிதர்களிடம் மறுபடி சோதித்து அளவை முடிவு செய்தார்கள். அந்தச் சிரத்தையைத்தான் 'நானோ' என்று அச்சடித்து விற்கும் மூலிகை மாத்திரைகளிடமும் எதிர்பார்க்கிறேன். எதில் பொதிந்தது, துகள் எந்த அளவு, மனிதர் ரத்தத்தில் எவ்வளவு சேர்ந்தது, இதையெல்லாம் டப்பாவின் மேல் போடட்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இத்தகைய ஆய்வுச் செய்தியை வெளியிடும்போது, சோதித்தது எலியிடமா மனிதரிடமா என்பதைத் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்